கல்லுக்குள் இருந்த கை

சென்ற அக்டோபரில் மூன்று வாரம் ஆம்ஸ்டெல்வீனில் தங்கை வீட்டில் இருந்தேன். "டூலிப் பூக்கிற நேரமும் இல்லை, வெயிலும் இல்லை, உனக்கு எதைத்தான் காட்டுறது அண்ணா?" என்று அவளுக்கு வருத்தம். எனக்கு வேண்டியது ஒரே ஓர் இடம்தான். ஹார்லம் நகரத்தில் ஸ்பார்னே ஆற்றங்கரையில் இருக்கிற டெய்லர்ஸ் அருங்காட்சியகம். அங்கே ஒரு கல் இருக்கிறது. அதைப் பார்க்கவேண்டும் என்று பல வருடமாக ஆசை.

நான் எக்ஸ்ரே டெக்னீசியன். இருபத்தாறு வருடமாக எலும்புதான் பார்க்கிறேன். ஒரு ராத்திரி டியூட்டியில் கூட்டம் இல்லாத நேரத்தில் போனில் ஏதோ தேடிக்கொண்டிருந்தபோது அந்தக் கல்லின் படம் வந்தது. வெளிறிய கல்லில் பழுப்பு எலும்புகள். எங்கள் ஃபிலிமைக் கறுப்பு வெள்ளை மாற்றிப் போட்ட மாதிரி. கீழே எழுதியிருந்ததைப் படிக்காமல் பார்த்தேன். வட்டமாக ஒரு தலை, இரண்டு கண்குழி, அதற்குக் கீழே முதுகெலும்பு. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, குழந்தையோ என்று நினைத்துவிட்டேன். தொழில்முறையாகப் பார்க்கிற எனக்கே அப்படித் தோன்றியது. அதனால்தான், முந்நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு மருத்துவர் இந்தக் கல்லில் இருப்பது மனிதன் என்றே நம்பிய கதையை விடாமல் படிக்க ஆரம்பித்தேன்.

ஒரு சனிக்கிழமை தங்கை மகனைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினேன். அவன் ஏழாம் வகுப்பு. ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரலில் இருந்து ஹார்லம் கால் மணி நேரம்தான். டெய்லர்ஸ் நெதர்லாந்தின் மிகப் பழைய அருங்காட்சியகம். 1784-இல் திறந்தது. பீட்டர் டெய்லர் என்ற பணக்கார வணிகர் எழுதிவைத்த உயிலில் இருந்து பிறந்தது. உள்ளே முட்டை வடிவத்தில் ஓர் அறை உண்டு. அதற்குக் கூரைக் கண்ணாடி வழியாக வரும் பகல் வெளிச்சம்தான் விளக்கு. மழை மேகம் வந்தால் அறையே இருண்டுவிடுகிறது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. டார்க் ரூமில் வளர்ந்தவனுக்குக் குறைந்த வெளிச்சத்தில் பார்ப்பது பழக்கம்.

அந்தக் கல் புதைபடிவங்களின் பகுதியில் இருக்கிறது. பையன் நேராக மோசாசாரஸ் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவின் பெரிய தாடையைப் பார்க்க ஓடினான். நான் கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டேன்.

நாங்கள் ஃபிலிம் படிக்கும்போது மேலிருந்து கீழே வருவோம். அப்படியே இதையும் படித்தேன். தலை மண்டையோடு மாதிரி உருண்டையாக இல்லை. தட்டையாக, அரைவட்டமாக, அகன்று கிடக்கிறது. படத்தில் நெற்றி என்று நான் நினைத்தது தாடையின் வளைவுதான். அப்புறம் கழுத்து. மனிதனுக்குக் கழுத்தில் ஏழு முள்ளெலும்பு. வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுக்கிற விஷயம் அது. இங்கே கழுத்தே இல்லை. தலை முடிந்த இடத்தில் உடம்பு தொடங்கிவிடுகிறது. பிறகு விலா. நம் மார்புக்கூட்டைக் கூடையாக வளைத்துப் பிடிக்கிற நீண்ட எலும்புகளில் ஒன்றுகூட இல்லை. முள்ளெலும்புகளின் இரண்டு பக்கமும் குட்டையான குச்சிகள்தான் நீட்டிக்கொண்டிருக்கின்றன. இவ்வளவையும் பார்த்தபிறகு இது மனிதன் இல்லை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் என்னிடம் இருந்ததும் அந்த மருத்துவரிடம் இல்லாததும் ஒன்று உண்டு. கல்லில் இன்று தெரிகிற பாதி, அவர் பார்த்தபோது தெரியவில்லை.

அவர் யோஹான் யாக்கோப் ஷாய்க்ட்சர். ஜூரிச் நகர மருத்துவர். 1672-இல் பிறந்தவர். அவரை முட்டாள் என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. கல்லில் காணும் மீனும் சிப்பியும் இயற்கை சும்மா வரைந்து பார்த்த கோலங்கள் என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. இல்லை, இவை ஒருகாலத்தில் உயிரோடு நீந்தியவை என்று வாதாடிய சிலரில் அவரும் ஒருவர். 1708-இல் அவர் வெளியிட்ட ஒரு சிறு நூலில், 'எங்களை உண்மையான மீன் இல்லை என்கிறீர்களே' என்று கல்மீன்களே முறையிடும். அந்த வாதத்தில் சரி அவர் பக்கம்தான்.

ஆனால் அவை கல்லுக்குள் எப்படி வந்தன? அவருடைய பதில், பைபிளில் வரும் நோவா காலத்துப் பிரளயம். உலகமே மூழ்கியபோது மீன் செத்தது, செடி செத்தது, எல்லாம் சேற்றில் புதைந்தது. அப்படியானால் அந்த வெள்ளத்தில் செத்த மனிதர்கள் எங்கே? இந்தக் கேள்வி அவரை விடவில்லை. யாருக்காகப் பிரளயம் வந்ததோ அவர்களில் ஒருவரின் எலும்புகூடக் கிடைக்கவில்லை. முன்பே ஒருமுறை, நியூரம்பெர்க் பக்கத்தில் ஆல்ட்டோர்ஃபில் கிடைத்த கறுத்த முள்ளெலும்புகளை மனித எலும்பு என்று சொல்லியிருந்தார். அவை இக்தியோசாரஸ் என்னும் கடல் ஊர்வனவினுடையவை என்பது பின்னால் தெரிந்தது.

அப்புறம்தான் ஓனிங்கன் கல். ஓனிங்கன், கான்ஸ்டன்ஸ் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிற ஜெர்மன் கிராமம். சுவிஸ் எல்லை ஒட்டியே இருக்கிறது. அங்கே கல்குவாரியில் மெல்லிய தகடு தகடாகப் பிளக்கும் சுண்ணாம்புக் கல். இலை, பூச்சி, மீன் எல்லாம் அச்சு மாதிரி அதில் படிந்திருக்கும். 1725-இல் அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்கு ஓர் எலும்புக்கூடு வந்தது. வாலும் பின்கால்களும் இல்லை. ஷாய்க்ட்சர் பல வருடமாகத் தேடிய ஆள் கிடைத்துவிட்டார். 1726-இல் மரக்கட்டை அச்சுப் படத்தோடு ஒரு தாள் வெளியிட்டார். தலைப்பு லத்தீனில், 'ஹோமோ டிலுவீ டெஸ்டிஸ்'. பிரளயத்துக்குச் சாட்சியான மனிதன். லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்கும் எழுதினார், அவர்கள் தங்கள் இதழில் போட்டார்கள்.

மருத்துவர் எப்படி இதை மனிதன் என்று பார்த்தார்? இதற்கு என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லாமல் இருக்கமுடியாது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. அப்போதெல்லாம் ஈர ஃபிலிம்தான். டார்க் ரூமில் ஹேங்கரில் மாட்டி டெவலப்பரில் முக்கி, தண்ணீரில் அலசி, ஃபிக்ஸரில் போட்டு எடுப்போம். ஐம்பது வயது அம்மா ஒருவர் இருமலோடு வந்திருந்தார். மார்பு எக்ஸ்ரே. சொட்டச் சொட்ட ஃபிலிமை வியூ பாக்ஸில் வைத்துப் பார்த்தால், வலது நுரையீரலின் மேல் நுனியில் தடிப்பாக ஒரு நிழல். அதற்கு முந்தின வாரம்தான் அதே இடத்தில் புற்றுக்கட்டி இருந்த ஒருவரின் படம் எடுத்திருந்தேன். என் கண்ணில் அதுவே நின்றது. வெளியே அவர் மகள், "எதாவது தெரியுதாண்ணே?" என்று கேட்டபோது, "மேலே கட்டி மாதிரி ஒண்ணு தெரியுதும்மா, டாக்டர் சொல்லுவார்" என்று சொல்லிவிட்டேன். சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை, அறிவும் இல்லை. மறுநாள் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார். "கொண்டை போட்டு மேலே தூக்கிக் கட்டச் சொல்லிட்டு இன்னொரு படம் எடு." எடுத்தேன். நிழல் இல்லை. அது அந்த அம்மாவின் சடை. எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னிய கனத்த சடை தோள் மேல் கிடந்திருக்கிறது. அந்த மகள் ராத்திரி முழுக்கத் தூங்காமல் வராந்தாவில் அழுதுகொண்டிருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது. இன்றும் மார்பு எக்ஸ்ரேக்கு வருகிற பெண்களிடம் என் முதல் வார்த்தை, "முடியை மேலே கட்டிக்கங்கம்மா" என்பதுதான்.

நம் கண்ணுக்கு முகம் வேண்டும். இடுப்பு முள்ளெலும்பை முன்பக்கமாக எடுத்த படத்தில் ஓர் ஆந்தை முகம் தெரியும். இரண்டு பக்கமும் இருக்கும் பெடிக்கிள் என்ற குட்டை எலும்புத் தண்டுகள் கண்கள், நடுவில் வரும் முனை அலகு. ஒரு பெடிக்கிளைப் புற்று அரித்துவிட்டால் ஆந்தை ஒரு கண்ணை மூடின மாதிரி இருக்கும். மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். முகத்தைத் தேடும் அந்தக் குணம் அங்கே ஓர் உயிரைக் காப்பாற்றுகிறது. ஓனிங்கன் கல்லில் அதே குணம் ஷாய்க்ட்சரை ஏமாற்றியது. அவர் பொய் சொல்லவில்லை. எந்த முகத்துக்காகக் காத்திருந்தாரோ அது தெரிந்தது.

அவர் 1733-இல் இறந்துபோனார். 1758-இல் அவர் ஊர்க்காரரான யோஹன்னஸ் கெஸ்னர், இது பெரிய கெளுத்தி மீனாக இருக்கும் என்றார். பிறகு டச்சு உடற்கூற்றியலாளர் பீட்ரஸ் காம்பர், பல்லி இனம் என்றார். அவர் ஓரளவு நெருங்கிவிட்டார், ஏனென்றால் அந்தக் காலத்தில் ஊர்வனவற்றையும் நீர்நில வாழ்வனவற்றையும் தெளிவாகப் பிரிக்கவில்லை. 1802-இல் டெய்லர்ஸ் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் மார்ட்டினஸ் வான் மாரும் இந்தக் கல்லை ஷாய்க்ட்சரின் பேரனிடம் இருந்து வாங்கினார். விலை பதினான்கு லூயி, அதாவது பிரெஞ்சுத் தங்க நாணயம். 

இப்போது குவியே வருகிறார். பாரிஸில் எலும்புகளை ஒப்பிட்டுப் பார்க்கும் கலையைத் தனி அறிவியலாக்கிய ஜார்ஜ் குவியே. கல்லை நேரில் பார்க்காமல், அச்சில் வந்த படத்தை மட்டும் வைத்து 1809-இல் எழுதினார்: இது சாலமாண்டர், ஆனால் மிகப் பெரியது.

சாலமாண்டர் என்றால் நம் ஊரில் பார்த்திருக்க மாட்டீர்கள். உருவத்தில் பல்லி, உறவில் தவளை. செதில் கிடையாது, ஈரத் தோல். இந்தியாவில் டார்ஜிலிங் பக்கமும் வடகிழக்கு மலைகளிலும்தான் உண்டு, அதுவும் கையளவுக்குள் அடங்கும். குவியே காலத்து ஐரோப்பாவிலும் அவ்வளவுதான். ஒரு மீட்டர் சாலமாண்டர் ஜப்பானிலும் சீனாவிலும் ஆற்றில் கிடக்கிறது என்பது ஐரோப்பிய அறிவியலுக்குத் தெரியாது. ஆகவே, யாரும் கண்டிராத அளவில் ஒரு விலங்கு இருந்திருக்கவேண்டும் என்று எலும்பின் வடிவத்தை மட்டும் நம்பிச் சொன்னார். அளவைப் பார்த்துக் குழம்பவில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகப் பெரியதாகத் தெரிவது இந்த இடம்தான்.

1811-இல் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த ஹாலந்துக்குக் கல்விக்கூடங்களைப் பார்வையிட குவியே வந்தார். ஹார்லமுக்கும் வந்தார். கல்லைக் கொஞ்சம் செதுக்கிப் பார்க்க அனுமதி கேட்டார். வான் மாரும் சம்மதித்தார். நினைத்துப் பாருங்கள், ஐரோப்பா முழுக்கப் பேர்பெற்ற கல், அதில் ஊசி வைக்க விடுகிறார்.  குவியே ஒரு சாதாரண சாலமாண்டரின் எலும்புக்கூட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இது சாலமாண்டராக இருந்தால் தோள் இந்த இடத்தில், கை இந்த இடத்தில் இருக்கவேண்டும் என்று குறித்துக்கொண்டு அங்கே கல்லைக் கீறி எடுத்தார். எங்கே இருக்கும் என்று சொன்னாரோ அங்கேயே முன்கால்கள் வெளியே வந்தன.

கொண்டையைத் தூக்கிக் கட்டிவிட்டு இன்னொரு படம். அதேதான்.

அவர் கீறிய இடம் இன்றும் தெரிகிறது. இதைத்தான் நான் நேரில் பார்க்க ஆசைப்பட்டேன். முதுகெலும்பைச் சுற்றிக் கல்லின் மேல்பரப்பு சீராக ஓடிவந்து, இரண்டு பக்கமும் திடீரென்று பள்ளமாக இறங்குகிறது. அந்தப் பள்ளத்துக்குள் முன்கால் எலும்பு. பள்ளத்தின் ஓரம் மழுங்கலாக, பொறுமையாகச் சுரண்டியது மாதிரி இருக்கிறது. பக்கவாட்டில் குனிந்து சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் அந்த இறக்கம் நன்றாகத் தெரியும். காவலர் இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் மோசாசாரஸை முடித்துக்கொண்டு வந்த பையன், "என்ன மாமா, இதையே பார்க்கறீங்க?" என்றான். "இதுக்கு கை எங்க இருக்குன்னு பாரு" என்றேன். காட்டினான். "அதை ஒருத்தர் பார்க்கிறதுக்கு முன்னாடியே சொல்லிட்டார்" என்றேன். அவனும் குனிந்து பார்த்தான்.

அடையாளம் தெரிந்தாயிற்று. இனிப் பெயர். இங்கேதான் பலரும் அவசரமாகக் கடந்துபோகிறார்கள், எனக்கோ இது கதையின் இன்னொரு பாதி. ஷாய்க்ட்சர் வைத்த 'ஹோமோ டிலுவீ டெஸ்டிஸ்' கணக்கில் வராது. விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்குத் தொடக்கம் 1758, ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் எழுதிய நூலின் பத்தாம் பதிப்பு. அதற்கு முன் வைத்த எந்தப் பெயரும் செல்லாது. கெஸ்னர் கெளுத்தி என்ற அதே வருடம். குவியே அடையாளம் சொன்னாரே தவிர, முறைப்படி நிலைத்த பெயர் அவருடையது அல்ல. 1831-இல் ஃப்ரீட்ரிஷ் ஹோல் என்பவர் 'சாலமாண்ட்ரா ஷாய்க்ட்செரி' என்று பெயரிட்டார். ஷாய்க்ட்சருடைய சாலமாண்டர் என்று பொருள். தப்பாகச் சொன்னவரின் பெயரை அதிலேயே வைத்தார்.

ஆனால் சாலமாண்ட்ரா என்ற பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டம், சின்னச் சாலமாண்டர்களுடையது. இது அந்தக் குடும்பம் இல்லை. 1837-இல் யோஹான் யாக்கோப் சூடி இதற்குத் தனிப் பேரினம் உண்டாக்கினார். அவரும் சுவிஸ்காரர், ஷாய்க்ட்சரின் முதல் பெயரே இவருக்கும். அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. அவர் தேர்ந்தெடுத்த சொல் 'ஆண்ட்ரியாஸ்'. கிரேக்கத்தில் மனித உருவம், சிலை என்று அர்த்தம். ஆக, முழுப் பெயர் ஆண்ட்ரியாஸ் ஷாய்க்ட்செரி. நூல்களில் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஹோல், 1831 என்று போட்டிருப்பார்கள். இனப்பெயரை முதலில் வைத்தவர் ஹோல், பேரினம் பிறகு மாறியது என்பதற்கு அந்த அடைப்புக்குறிதான் அடையாளம். தப்பை மறைக்காமல் பெயருக்குள்ளேயே எழுதி வைத்தார்கள். மனிதன் இல்லை என்று உறுதியான பிறகும் மனித உருவம் என்று கூப்பிட்டதை நான் கேலியாகப் பார்க்கவில்லை. அந்தக் கல்லுக்கு என்னவெல்லாம் நடந்தது என்பது இரண்டே சொல்லில் இருக்கிறது.

அந்தக் கல்லுக்கு இன்று சொல்லும் வயது சுமார் 1 கோடியே 30 லட்சம் ஆண்டு. மயோசீன் காலம். நோவாவையும் தாண்டி, மனித இனம் என்ற ஒன்று பிறப்பதற்கும் வெகுகாலம் முன்னால், ஓனிங்கனில் ஏரியில் மூழ்கிய ஒரு நீர்வாழ் பிராணி.

குவியே 1832-இல் இறந்தார். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான், ஜப்பானில் டச்சுக்காரர்களிடம் வேலை பார்த்த மருத்துவர் சீபோல்ட், உயிருள்ள ராட்சத சாலமாண்டரை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். ஊகித்துச் சொன்ன விலங்கின் உறவுக்காரன் தொட்டியில் நீந்தியே வந்து சேர்ந்தான். அது ஆம்ஸ்டர்டாம் ஆர்டிஸ் விலங்குக்காட்சியில் 1881 வரை வாழ்ந்தது. ஐரோப்பாவுக்கு வந்து ஏறக்குறைய ஐம்பது வருடம். ஹார்லம் கல்லில் இருந்து கால் மணி ரயில் தூரத்தில்.

இந்த உயிருள்ளவற்றுக்கு வெகுநாள் மெகலோபாட்ராக்கஸ் என்று வேறு பேரினப் பெயர் இருந்தது. அதையும் வைத்தது சூடிதான், அதே 1837-இல். எலும்பை ஒப்பிட்டால் கல்லுக்கும் உயிருக்கும் தனிப் பேரினம் வைக்கிற அளவுக்கு வேறுபாடு இல்லை என்று பின்னால் தெளிவானது. 1958-இல் வெஸ்ட்ஃபால் என்ற ஜெர்மன் ஆய்வாளர் இன்னும் ஒரு படி போனார். சீன ராட்சத சாலமாண்டரும் ஓனிங்கன் சாலமாண்டரும் ஒரே இனம்தான் என்றார். அப்படியானால் முந்திய பெயருக்கே உரிமை. சீனத்து சாலமாண்டரின் டேவிடியானஸ் என்ற பெயர் 1871-இல் வந்தது, ஷாய்க்ட்செரி 1831. சீன ஆறுகளில் இன்று நீந்துவதற்கும் ஷாய்க்ட்சரின் பெயர்தான் போயிருக்கும். இப்போது பெரும்பாலோர் இரண்டையும் தனி இனமாகவே வைக்கிறார்கள். ஆனால் பேரினம் இரண்டுக்கும் ஒன்று, ஆண்ட்ரியாஸ். சீனத்தில் ஒரே இனம் என்று நினைத்ததற்குள்ளேயே பல இனங்கள் ஒளிந்திருப்பதாக 2018-இல் மரபணு ஆய்வு காட்டியது. பண்ணைகளில் எல்லாவற்றையும் கலந்து வளர்த்து, திரும்ப ஆற்றில் விட்டுவிட்டார்கள். காட்டில் இப்போது தேடினால் கிடைப்பது அபூர்வம். எது எந்த இனம் என்று பெயர் சொல்லிப் பிரிப்பதற்குள் அவை போய்விடுமோ என்பதுதான் என் பயம். கல்லான இனத்துக்கு நூறு வருடம் பொறுக்கலாம். உயிரோடு இருப்பதற்கு அந்த நேரம் கிடையாது.

வெளியே வரும்போது மழை. அருங்காட்சியகக் கடையில் பையன் ஒரு அம்மோனைட், சுருள் ஓட்டுப் புதைபடிவம், வாங்கினான். ரயிலில் போனைப் பார்த்துக்கொண்டே வந்தவன், "மாமா, சைனால இதுக்கு என்ன பேர் தெரியுமா?" என்றான். தெரியாது என்றேன். 'வாவாயூ'வாம். குழந்தை மீன். தண்ணீரில் இருந்து எடுத்தால் கைக்குழந்தை அழுகிற மாதிரி சத்தம் போடும் என்று அந்தப் பேராம். நான் போனை வாங்கி அவன் காட்டியதை இரண்டு முறை படித்தேன். ஷாய்க்ட்சர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அவனிடம் கேட்டேன். அவன் ஜன்னலைப் பார்த்து யோசித்துவிட்டு, "அப்பவே சொன்னேன்ல என்பார்" என்றான்.